படுத்துக்கொண்டே ஆளும் ஊர்

வேலை பார்த்துப் பார்த்துக் கருகிப்போவது நோயல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. 'பர்ன் அவுட்' என்பது பணியிடம் சார்ந்த ஒரு நிகழ்வு மட்டும்தானாம். நோய் என்றால் மருத்துவ விடுப்பு எடுக்கலாம். நிகழ்வுக்கு என்ன எடுப்பது? காதுகுத்துகூட ஒரு நிகழ்வுதான். அதற்காவது அரை நாள் பர்மிஷன் கிடைக்கிறது.

இதன் அடையாளங்கள் மூன்று என்கிறார்கள். தீராத அயர்ச்சி. வேலைமேல் வெறுப்பும் விலகலும். நம்மால் உருப்படியாக எதையும் செய்ய முடியாது என்ற நினைப்பு. இந்த மூன்றும் எங்கள் அலுவலகத்தில் சேருவதற்கான அடிப்படைத் தகுதிகள் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்த்தையை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க்காரர். ஆண்டு 1974. பகலில் தன் சொந்த கிளினிக், இரவில் இலவச மருத்துவமனை என்று ஓடி ஓடி, கடைசியில் தானே கருகிப்போய், அந்த அனுபவத்தையும் சேர்த்து எழுதினார். சொந்தச் செலவில் ஆராய்ச்சி செய்த மனிதர்.

என்னுடையதைக் கண்டுபிடித்தது என் மனைவி. "வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க" என்று அவள் வாட்ஸப்பில் அனுப்ப, "நோட்டட், வில் ரிவர்ட்" என்று நான் பதில் போட்டிருந்தேன். தயிரும் வரவில்லை, ரிவர்ட்டும் வரவில்லை. "ஏங்க, ஒண்ணு நீங்க எங்கேயாவது போய்ச் சும்மா இருந்துட்டு வரணும், இல்லேன்னா நான் எங்கேயாவது போயிடுவேன்" என்றாள். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துவிடலாம் என்று திருவனந்தபுரத்துக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்தேன்.

ஏன் திருவனந்தபுரம்? மூணாறு என்றால் ஏற வேண்டும். கோவா என்றால் கொண்டாட வேண்டும், அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். திருவனந்தபுரத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த ஊரின் உரிமையாளரான பத்மநாபசுவாமியே படுத்திருப்பவர். நீல பத்மநாபன் அந்த ஊரை வைத்து எழுதிய நாவலுக்குப் 'பள்ளிகொண்டபுரம்' என்றே பெயர் வைத்தார். சும்மா இருப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் எது?

சும்மா இருக்க விட்டால்தானே. என் சகலை ஒரு பட்டியல் அனுப்பினார். அவர் எங்கே போனாலும் ஒன்றைக்கூட விடாமல் பார்த்துவிட்டு வருபவர். காலை ஆறு மணிக்குக் கோயில், எட்டரைக்கு மியூசியம், பத்தரைக்கு மிருகக்காட்சி சாலை, பன்னிரண்டுக்கு மறுபடியும் கோட்டைப் பக்கம், மூன்றுக்கு வேளி, நாலரைக்குச் சங்குமுகம், ஆறுக்குக் கோவளத்தில் சூரிய அஸ்தமனம். அஸ்தமனத்துக்கு எதிரே 'கட்டாயம்' என்று எழுதி அடிக்கோடு வேறு. எங்கள் மேனேஜர் பார்த்திருந்தால் அவரை அப்படியே பிராஜெக்ட் பிளானிங்குக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தபடி, நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை என்று கடந்து, ஒரு திங்கட்கிழமை திருவனந்தபுரத்தின் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினோம். ரயில் தாமதம். அதாவது காலை ஆறு மணிக் கோயிலை மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்க வேண்டிய நிலை. ஆட்டோக்காரரிடம் பட்டியலை அப்படியே நீட்டினேன். அவர் படித்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"அண்ணா, இன்னைக்குத் திங்களாழ்ச்ச. மியூசியம் லீவ். மிருகசால லீவ். அம்பலத்தில நட அடச்சு. இனி வைகிட்டு."

"அப்ப இப்ப எங்கே போறது?"

"இப்ப ஊணு கழிக்கணும். பின்னே ஒண்ணு உறங்கணும்."

ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நான் பார்த்த எந்த ஆலோசகரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. யோசித்துப் பாருங்கள்: அந்த ஊரில் புலிக்கு வார விடுமுறை இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமையும் மெயில் பார்க்கிறேன்.

ஊண் கழித்தோம். குத்தரிசிச் சோறு, அவியல், புளிசேரி. கடைசியில் போளியை இலையில் போட்டு அதன்மேல் பாயசம் ஊற்றினார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வெந்நீர் வைத்தார்கள். டம்ளரைக் கழுவாமல் விட்டுவிட்டார்களோ என்று தமிழ்நாட்டு மனசு ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டது. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சினதாம். பிறகு ஒன்று உறங்கினோம். பட்டியலில் இல்லாத ஒரே இடம் ஓட்டல் கட்டில்தான்; அன்றைக்கு முழுசாகப் பார்த்த இடமும் அதுதான்.

மாலையில் கோயில். வாசலிலேயே சிகிச்சை ஆரம்பித்துவிட்டது. பேண்ட், சட்டை கூடாது, வேட்டிதான். சுடிதார் போட்ட பெண்கள் அதற்கு மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கைபேசி கூடாது, கவுண்டரில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பதவியை அறிவிக்கும் சட்டை போனது, பதவியைத் துரத்தும் போனும் போனது. இடுப்பில் ஒரு வேட்டி, கையில் ஒரு டோக்கன். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் தலைமைச் செயலகத்து அதிகாரியா, தேங்காய் வியாபாரியா என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே தொப்பை.

உள்ளே பத்மநாபசுவாமி அனந்தன்மேல் படுத்திருக்கிறார். ஒரே பார்வையில் முழுசாகப் பார்த்துவிட முடியாது. மூன்று வாசல்கள். முதல் வாசலில் திருமுகமும், கீழே சிவலிங்கத்தின்மேல் நீண்ட கையும், நடு வாசலில் நாபிக் கமலத்தில் பிரம்மா, மூன்றாவதில் பாதம். பாதம் வேண்டுமென்றால் நகர்ந்துதான் ஆக வேண்டும். நாம்தான் நகர்கிறோம், அவர் நகரவில்லை. அவருக்குக் கீழே இருக்கும் நிலவறைகளை 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி திறந்தபோது, உள்ளே இருந்த பொன்னைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. அப்போதும் திறக்காத 'பி' அறைக்குள் என்ன இருக்கிறது என்று நாடு முழுக்கத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது. உரிமையாளர் ஒருமுறைகூட எழுந்து போய்ச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பிராவிடண்ட் ஃபண்ட் பாஸ்புக்கை வாரம் ஒரு முறை பார்க்காவிட்டால் கை நடுங்குகிறது.

அந்தச் சன்னிதியில்தான் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் தன் ராஜ்யம் முழுவதையும் பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்தார். சண்டை போட்டு, எட்டு வீட்டுப் பிள்ளைமாரை அடக்கி, டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்து, பக்கத்து நாடுகளையெல்லாம் சேர்த்துப் பெரிதாக்கிய ராஜ்யம். உச்சத்தில் இருக்கும்போது உடைவாளை சுவாமி முன்னால் வைத்து, இனி எல்லாம் உன்னுடையது என்று ஒப்படைத்துவிட்டார். பிறகு அதே வாளை எடுத்துக்கொண்டு, 'பத்மநாப தாசன்' என்ற பெயரில் அதே வேலையைப் பார்த்தார். அவருக்குப் பின் வந்த ராஜாக்களுக்கும் அதே பட்டம்தான். வேலையும் மாறவில்லை, ராஜ்யமும் மாறவில்லை. கவலைப்பட வேண்டிய ஆள் மட்டும் மாறிவிட்டார்.

இதை அரசியல் சாமர்த்தியம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள்; சாமியின் ராஜ்யத்தை எதிர்த்துக் கலகம் செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்? இருக்கட்டும். நான் பார்த்த வரையில் இந்தியாவின் மிகச் சிறந்த ஹேண்ட்ஓவர் இதுதான். நானும் கிளம்புவதற்கு முன் என் ஜூனியருக்கு ஒரு ஹேண்ட்ஓவர் மெயில் அனுப்பியிருந்தேன். பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் 'எது செய்தாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்' என்று முடித்திருந்தேன். மார்த்தாண்ட வர்மா அப்படி ஒரு வரி சேர்த்திருந்தால் பத்மநாபன் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

கோயிலுக்கு எதிரே, பத்மதீர்த்தக் குளத்தின் பக்கமாக, அரண்மனைக் கட்டடத்தில் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. தாடிக்காரர் ஒருவரின் முகம். இரண்டு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது அவர் வாயைத் திறக்க, ஆடுகள் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முட்டும்படி செய்த பொறி. எங்கள் ரிவ்யூ மீட்டிங்குக்கு அரண்மனையிலேயே ஒரு நினைவுச் சின்னம் வைத்திருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பட்டியலை மனைவி தன் கைப்பையில் வைத்துப் பூட்டிவிட்டாள். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குப் போனோம். சிவப்புச் செங்கல்லில் சுருண்டு சுருண்டு மேலே ஏறும் கட்டடம். மாடி என்று தனியாக எதுவும் கிடையாது. சரிவிலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும், சுவரோரமாக மேசையும் பெஞ்சும் கட்டியே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்த பேக்கர் இந்த ஊரிலேயே தங்கி, 2007இல் இங்கேயே காலமானார். செலவைக் குறைத்துக் காற்றை உள்ளே விடுவதுதான் அவருடைய கட்டடக் கலை. தலையில் விசிறி வைத்த தலைப்பாகையோடு வந்த சர்வர் ஆர்டர் வாங்கிக்கொண்டு போன நடையில் அவசரமே இல்லை. ஏன் இருக்க வேண்டும்? 1950களில் காபி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சொன்ன யோசனைப்படி அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்தும் கடை இது. அந்த சர்வருக்கு மேலே மேனேஜர் இருக்கலாம், முதலாளி அவரும்தான். மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட், ரத்தச் சிவப்பு. எந்த முதலாளியும் அனுமதித்திருக்க மாட்டான். ஊழியர்கள் கடை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. போன் அடிக்கவில்லை. முதலில் சந்தோஷம். பிறகு சந்தேகம், டவர் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு பயம். நான் இல்லாமல் எப்படி நடக்கும்? நடக்காவிட்டால் ஏன் யாரும் கூப்பிடவில்லை? நடக்கிறது என்றால் இத்தனை வருஷம் நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? "உங்களைக் கூப்பிடலேன்னா நிம்மதியா இருங்களேன்" என்றாள் மனைவி. நிம்மதிக்கு இவ்வளவு மன உறுதி வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆயுர்வேதத்தையும் விடவில்லை. இதே ஊரில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே 1889இல் தொடங்கியது. பலகையில் படுக்கவைத்து நெற்றியில் தாரையாக எண்ணெய் விட்டார்கள். வெளியே எண்ணெய், உள்ளே ஜி.எஸ்.டி. ஒரு கட்டத்தில் ஜி.எஸ்.டி. வழுக்கிக்கொண்டு போய்விட்டது, கைக்கும் எண்ணெய் தேய்த்திருந்ததால் போனை எடுக்க முடியவில்லை. எண்ணெய் மருந்தா, கை வழுக்குவது மருந்தா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. முடித்துவிட்டு "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்று வைத்தியரைக் கேட்டேன். சிகிச்சை நடந்த நாள்களுக்குக் குறையாமல் சிகிச்சைக்குப் பிறகும் அடங்கி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு என்றார். ஓய்வெடுத்ததற்கு ஓய்வு! இப்படி ஒரு சட்டம் தொழிலாளர் நலத்துறைக்கே தோன்றியதில்லை.

ஆனால் இந்த ஊர் அதைச் சாமிக்கே அமல்படுத்துகிறது. வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் கிளம்புவாள். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது போலீஸ் மரியாதை. திருவனந்தபுரத்தில் பூஜையெல்லாம் முடிந்த பிறகு, உடனே ஊர் திரும்புவதில்லை. ஒரு நாள் இருந்து இளைப்பாறிவிட்டுத்தான் புறப்பாடு. நாமோ ஞாயிறு ராத்திரி ரயிலேறித் திங்கள் காலை எழும்பூரிலிருந்து நேராக ஆபீஸ் போகிறோம்.

விமானங்களுக்கும் விலக்கு இல்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டுக்குப் பத்மநாபன் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி, விமான நிலையத்து ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது. அன்றைக்குச் சில மணி நேரம் சர்வதேச விமான நிலையம் மூடப்படும். முன்கூட்டியே விமானிகளுக்கு அறிவிப்பு போய்விடும். கோடிக்கணக்கில் பணம் புரளும் ஓடுபாதை வருஷத்துக்கு இரண்டு முறை நிற்கிறது. ஒரு கம்பெனியும் திவாலாகவில்லை. என் எக்ஸெல் ஷீட் நின்றால் இந்தியப் பொருளாதாரம் கவிழ்ந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பயணம் மருந்தா என்று ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 2010இல் வெளியான ஒரு டச்சு ஆய்வின்படி, சுற்றுலா போகிறவர்களுக்குச் சந்தோஷம் அதிகமாக இருப்பது போவதற்கு முன்பு, எதிர்பார்ப்பில்தான். திரும்பி வந்த பிறகு, போனவருக்கும் போகாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரொம்ப நிதானமாக இருந்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் நீடித்ததாம். சகலையின் பட்டியலுக்கு எதிராக ஐரோப்பாவிலிருந்து கிடைத்த தீர்ப்பு இது. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் அவர் கேட்டார்: "வேளி பாத்தீங்களா?"

"இல்ல."

"கோவளம் சன்செட்?"

"அன்னைக்கு மேகம். கொஞ்ச நேரம் அலையில நின்னோம். லைஃப்கார்டு விசில் அடிச்சார், வந்துட்டோம்."

"அப்ப என்னதான் செஞ்சீங்க?"

"படுத்திருந்தோம்."

"அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? வீட்டிலேயே படுத்திருக்கலாமே?"

முடியாது. நம் வீட்டில் ஒரு மனிதன் பகலில் படுத்திருந்தால் அவன் காலியாக இருக்கிறான் என்று அர்த்தம். சிலிண்டர் வருகிறது, கதவைத் திற, தண்ணீர் கேன் சொல், மோட்டாரை நிறுத்து, சும்மாதானே இருக்கே, பரண்மேலிருந்து அந்தப் பெட்டியை எடு. எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் யாருக்கும் நம்மால் உபயோகமில்லை. பரணும் நம்முடையதில்லை, மோட்டாரும் நம்முடையதில்லை. பயணம் குணப்படுத்துகிறது என்றால் அருவியாலும் அஸ்தமனத்தாலும் அல்ல. எதற்கும் நாம் பொறுப்பில்லாத இடத்துக்குக் கூட்டிப்போய் விடுகிறதே, அதனால்தான்.

அலுவலகத்துக்குப் போனேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. என் ஜூனியர் எதையும் என்னைக் கேட்காமலே செய்து முடித்திருந்தான். மேனேஜர் என்னைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு, "அடிக்கடி போய்ட்டு வாங்க சார், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். எண்ணெய், பாயசம், பதிமுக வெந்நீர் எல்லாவற்றின் பலனும் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கப் பார்த்தது. நல்லவேளையாக மார்த்தாண்ட வர்மா நினைவுக்கு வந்தார். லேப்டாப்பை ஒரு முறை மேனேஜர் மேசைமேல் வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டேன். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை சார், இன்றிலிருந்து கம்பெனி உங்களுடையது என்றேன். அது ஏற்கெனவே அவருடையதுதான் என்று அவருக்கும் தெரியும். எனக்குத்தான் இத்தனை நாளாகத் தெரியவில்லை.