அரைப்பேர் போடுற பொட்டி

வா தங்கச்சி, இஸ்தோப்புல ஒக்காரு. என்னா, மூஞ்சி கவ்வாத்து வெட்டின தேயிலை மாதிரி மொட்டையா இருக்கு? அஸ்வெசும உதவிப்பண லிஸ்ட்டுல பேரு இல்லன்னுதான் யோசனையா? "கம்ப்யூட்டர் சொல்லிட்டா முடிஞ்சுச்சு தாத்தா"ன்னு தீர்ப்பையும் நீயே எழுதிட்ட. அப்ப நான் சொல்றதக் கேளு. ஒண்ணும் செய்யாத. பெக்டரியில ரோதை முனி இருக்காருல்ல, அவரு பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் முனிய வச்சிரு. வெள்ளிக்கிழமை தேங்கா ஒடை. தப்பே பண்ணாத சாமின்னா சும்மாவா?

சிரிக்கிற. சிரிச்சா புத்தி இன்னும் இருக்குன்னு அர்த்தம்.

நான் பார்த்த மொத கம்ப்யூட்டர் கொழுந்துத் தராசுதான். மழையில நனைஞ்சு, அட்டைக்கு ரத்தம் குடுத்து, கூடையக் கொண்டுபோய்த் தொங்கவிட்டா முள்ளு ஒரு எடத்துல நிக்கும். முள்ளு பொய் சொல்லாது. ஆனா அதப் பார்த்து எழுதுறவரு "தண்ணிக்கு, கூடைக்கு"ன்னு ரெண்டு மூணு கிலோ கழிச்சுத்தான் எழுதுவாரு. கணக்குக்குக் கொழுந்து பத்தலைன்னா அரைப்பேர். நாள் முழுக்க நின்ன ஒடம்புக்கு அரைநாள் சம்பளம்! அப்ப ஒங்க அம்மாயி தராசையா ஏசினா? எழுதினவரோட புஸ்தகத்தத்தான் எட்டிப் பார்த்தா. "ஐயா, பதினெட்டு கிலோ பதினஞ்சா எப்புடிப் போச்சு?" இந்த ஒரு கேள்விதான். படிக்காதவ கேட்டா. நீ ஏ லெவல் படிச்சவ, பொட்டியப் பார்த்துக் கும்புடுற.

அந்தப் பொட்டி என்னா செய்யுதுன்னு பாரு. 2023ல சமுர்த்திக்குப் பதிலா அஸ்வெசும வந்துச்சு. படிப்பு, சொகம், வருமானம், சொத்து, வீடு, குடும்பம்னு ஆறு பக்கமா, மொத்தம் 22 அளவுகோல் வச்சு வீட்ட அளந்தாங்க. ஒருத்தரு வந்தாரு, கேட்டாரு, போன்ல பதிஞ்சாரு, போயிட்டாரு. பொறகு பொட்டி கூட்டிக் கழிச்சுத் தரம் பிரிச்சுச்சு. அடிமட்டத் தரத்துக்கு அப்ப மாசம் 15,000 ரூபா. 2025 தையிலருந்து 17,500. பொட்டி கூட்டல்ல கெட்டிக்காரன்தான். ஆனா வந்தவரு எதப் பதிஞ்சாரோ அதத்தானே கூட்டும்? நம்ம லயத்து வாசல்ல சேறு இருக்கா, கூரைத் தகரம் ஒழுகுதான்னு அதுக்கு மூக்குமில்ல, கண்ணுமில்ல.

கதைக்கு வச்சுக்குவோம். ஒரு மீட்டர்ல மூணு காம்பிராவுக்கு கரண்டு ஓடுது. பில் ஒருத்தி பேருல. அவ மாளிகையில இருக்கிறதாத்தான் கணக்கு வரும். லயத்துச் சொவரு கல்லு. வெள்ளக்காரத் துரை கட்டுனது, தோட்டத்துக்குச் சொந்தம். "நெரந்தரச் சொவரு"ன்னு கோடு விழுந்தா நீ பணக்காரி. அடையாள அட்டையில முத்துலெட்சுமி, சம்பளத் துண்டுல முத்துலச்சுமி. ரெண்டு பொம்பளையாக்கிருவான். இதுல எதுவும் பொட்டியோட பாவமில்ல. ஊட்டினவங்க கைப்பாவம்.

"நம்ம நாடுதானே, இப்புடித்தான்"னு உதட்டப் பிதுக்காத. ஆஸ்திரேலியாவுல 2015க்குப் பொறகு ஒரு கணக்குப் போட்டாங்க. வருசச் சம்பளத்த ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா, 26 துண்டா, சமமா வெட்டி, "நீ கூடுதலா உதவிப்பணம் வாங்கிட்ட, திருப்பிக் கட்டு"ன்னு 4 லட்சத்துக்கும் மேல ஆளுகளுக்கு கடன் கடுதாசி போட்டுச்சு பொட்டி. கொழுந்து மண்டுற காலத்துல முப்பது கிலோ, பனிக்காலத்துல எட்டுக் கிலோ எடுக்கிறவகிட்ட, "வருசம் பூரா பத்தொம்பது எடுத்த"ன்னு சொல்ற மாதிரி. சில பேரு கோர்ட்டுக்குப் போனாங்க, அரசாங்கம் தோத்துச்சு. 2023ல அதப் பத்தி விசாரிச்ச ஆணைக்குழுவும் அறிக்கை குடுத்துச்சு. ஒரு காலத்துல நம்ம கரையோரத்த ஆண்ட ஒல்லாந்தர் நாட்டுல, புள்ளைகளப் பாத்துக்கிற உதவிப்பணத்துல ஆயிரக்கணக்கான குடும்பத்தக் கள்ளன்னு முத்திரை குத்தினாங்க. 2021 தையில மந்திரிசபையே ராஜினாமா பண்ணுச்சு. அந்த ஊர்லயும் "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது"ன்னுதான் மொதல்ல சொல்லியிருப்பாங்க.

நம்ம ஊரும் லேசுப்பட்டதில்ல. 2023ல லிஸ்ட் வந்த ஒடனே 9 லட்சத்துக்கும் மேல மேல்முறையீடு போச்சு. அந்த வரிசையில நம்ம மலையில எத்தன பேரு நின்னாங்கன்னு நெனைக்கிற? டோக்கன் எடுக்கப் போனா ஒருநாள் பேர் போயிரும். அதான் தோட்டத் தலைவருகிட்ட "பாத்துச் செய்ங்க"ன்னு சொல்லிட்டு வந்தோம். தலைவரும் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருக்காரு.

நீ இப்புடிச் செய். கவுண்டர்ல போய்க் கத்தாத. கத்தல் கோப்புல ஏறாது. ஒரு வெள்ளத்தாள் எடு. தமிழ்லயே எழுது. நம்ம பதுளை, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கமெல்லாம் ரெண்டு மொழியிலயும் வேலை நடக்கணும்னு 1999லயே வர்த்தமானி போட்டிருக்கு. "எனக்கு உதவி வேணும்"னு எழுதாத. அது பிச்சை. "எந்தக் காரணத்தால என்னைத் தகுதி இல்லன்னு முடிவு பண்ணீங்க? என்னைப் பத்தி என்னென்ன பதிஞ்சிருக்கீங்க?"ன்னு கேளு. 2016ல வந்த தகவல் உரிமைச் சட்டத்துல 35ஆம் பிரிவு இருக்கு. ஒரு முடிவால பாதிக்கப்பட்டவங்க எழுத்துல கேட்டா, காரணத்த எழுத்துல சொல்லணும். தகவல் கேட்டா 14 வேலைநாளுக்குள்ள தரலாமா இல்லையான்னு சொல்லணும். பொட்டிக்குப் பின்னால ஒரு அலுவலர் ஒக்காந்திருக்காரு. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

காரணம் வந்ததும் அந்தத் தப்பு வரியப் புடி. கரண்டுன்னா மூணு காம்பிராவுக்கும் ஒரே மீட்டர்னு கிராம சேவகர்கிட்ட கடிதம் வாங்கு. சொவருன்னா தோட்டத்து ஆபிஸ்ல எழுதி வாங்கு. மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கும். 2023ல ஜூலை 10. அது போனா மாரியம்மனே வந்தாலும் கதவு தெறக்காது. தாள் குடுத்தா ஒரு பிரதியில முத்திரையும் தேதியும் வாங்கிட்டு வா. அது இல்லாம வந்தா நீ ஆபிசுக்கே போகல, டவுன்ல வடை தின்னுட்டு வந்தன்னுதான் கணக்கு.

நம்ம பாட்டன்மாரு கழுத்துல நம்பர் அடிச்ச தகரத்துண்டு கட்டித்தான் இந்த மலைக்கு ஏத்தினாங்க. 1948ல ஒரு பொட்டியும் இல்ல, வெறும் பேனாதான். அதாலயே நம்ம ஆளுக லட்சக்கணக்கான பேரக் குடியுரிமையிலருந்து வெட்டிட்டாங்க. திரும்ப எழுதி முடிக்க 2003 ஆச்சு. பேர அழிக்க ஒரு நாள் போதும் தங்கச்சி. எழுதவைக்கத்தான் ஆள் வேணும்.

சரி, எந்திரி. தாளு எங்க? மேல ஒன் பேர எழுது. முத்துன்னு சுருக்காத. அரைப்பேர் அவங்க போடட்டும். நாம முழுப்பேராவே எழுதுவோம்.