ஏற்காட்டில் ஏழு பறவைகள்

கோடை விழா முடிந்து மலர்க் கண்காட்சிப் பந்தலையும் பிரித்தாகிவிட்டது. ஏற்காட்டுப் படங்கள் மட்டும் இன்னும் போனில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. படம் என்றால் எடுத்தபடியே வந்த படம் அல்ல. எடுத்து, வெட்டி, ஒட்டி, சாயம் ஏற்றி, பனி தூவி, ஓரத்தில் தங்க எழுத்தில் பெயர் பொறித்து, 'டிஜிட்டல் ஆர்ட், என் புதிய பொழுதுபோக்கு' என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பிய படம். கடைசியாக வந்ததில் லேடீஸ் சீட் இருக்கிறது. அங்கிருந்து கீழே பார்த்தால் சேலம் தெரிய வேண்டும். இந்தப் படத்தில் கடல் தெரிகிறது. ஐந்து ரோட்டையும் அழகாபுரத்தையும் மூழ்கடித்துவிட்டு, அதன் மேல் பாய்மரக் கப்பல் ஒன்றையும் மிதக்கவிட்டிருக்கிறார் கலைஞர். சேலத்துக்காரர்களுக்குக் கடற்கரை இல்லாத குறை ஒருவழியாகத் தீர்ந்தது. இந்தக் கலைக்கு நான் விரோதி அல்ல என்பதை முதலில் நிரூபித்துவிட்டு, இதை ஒழுங்காகச் செய்ய மூன்று யோசனைகளைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

படத்தைத் திருத்துவதே பாவம், கேமரா கக்கியது மட்டுமே சத்தியம் என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் சரித்திரம் அவர்கள் பக்கம் இல்லை. சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி எடுத்த படங்களை 1858-ல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அதில் ஒரு தொகுதி அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த இராயக்கோட்டையைப் பற்றியது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு நீல நிறம் என்றால் அளவுகடந்த மோகம். கட்டடமும் மரமும் நிதானமாகப் பதிவதற்குள் வானம் வெந்து, மேகம் கீகம் எதுவும் இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகத்தைத் தீட்டினார். சில படங்களில் இலை தழைகளையும் தொட்டுத் திருத்தினார். நெகட்டிவில் கருமை ஏறினால்தான் அச்சில் வெள்ளை வரும். ஆக வெண்மேகம் வேண்டுமென்றால் கருப்பாகத் தீட்டவேண்டும், அதையும் தலைகீழாகக் கற்பனை செய்துகொண்டு தீட்டவேண்டும். போட்டோஷாப் பிறந்தது 1990-ல். வானத்தையே ஒரு தட்டில் மாற்றும் வசதியை அதில் சேர்த்தது 2020-ல். நம் பக்கத்தில் அந்த வேலை நூற்றறுபது வருஷம் முன்பே கையால் நடந்திருக்கிறது. 1860-ல் கவர்னர் டிரெவல்யன், இந்தப் புகைப்பட இலாகா ஆடம்பரச் செலவு என்று சொல்லி மூடிவிட்டார். சில நாட்களில் அந்த கவர்னரின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை வருகிறது.

மலையடிவாரத்திலேயே இன்னொரு சாட்சியும் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அலங்கார வளைவு இன்றும் நிற்கிறது. படமெடுப்பவர்கள் அதைத் தாண்டித்தான் மேலே போகிறார்கள். டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்து 1940-ல் 'உத்தம புத்திரன்' வந்தது. பி. யு. சின்னப்பா ஒரே திரையில் இரண்டு பேராக நின்றார். அன்றைக்கு இரட்டை வேடம் என்றால் பொதுவாக லென்ஸில் பாதியை மறைத்து ஒரு தடவை எடுத்து, பிலிமைத் திரும்பச் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு தடவை எடுக்கவேண்டும். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. 1956-ல் இதே நிறுவனம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று முழுநீள வண்ணப் படத்தையும் தமிழுக்குக் கொடுத்தது. ஆகவே வெட்டுவது, ஒட்டுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் இந்த மலையடிவாரத்தின் குலத்தொழில். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். டிரைப் மேகம் தீட்டியது, அங்கே நிஜமாக இருந்த வானத்தை நெகட்டிவ் விழுங்கிவிட்டதால். சுந்தரம் சின்னப்பாவை இரண்டாக்கியது, கதைக்கு இரண்டு சின்னப்பா தேவைப்பட்டதால். இருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. சேலத்துக்குக் கடல் எதற்கு? இதுதான் என் வாதம் முழுவதும். மீதியெல்லாம் எரிச்சல்.

எரிச்சலின் தலைமையகம் பறவைகள். வானத்தை மாற்றுகிறவர்கள் வெறும் வானத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. மேல் மூலையில், வலது பக்கமாக, ஏழு பறவைகளைப் பறக்கவிடுகிறார்கள். ஒன்பது இருந்தால் நன்றாக உற்றுப் பாருங்கள், கடைசி இரண்டும் முதல் இரண்டின் நகலாக இருக்கும். முன்னால் ஒன்று பெரிசு, நடுவில் நான்கு மத்திமம், பின்னால் இரண்டு வெறும் புள்ளி. மூன்றாவது பறவைக்கு இடது இறக்கை கொஞ்சம் மடங்கியிருக்கும். பகோடா பாயின்டில் அவை பறக்கின்றன. கிளியூர் அருவிக்கு மேலே பறக்கின்றன. சேர்வராயன் கோயில் சமவெளியில் பறக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி எடுத்தாலும் நமக்கு முன்பே அங்கே ஆஜர். உச்சி வெயிலிலும் கூட்டுக்குத் திரும்புகின்றன. பத்தடி தள்ளியிருக்கும் மரம் தெரியாத பனியில், அரை மைல் உயரத்தில் மை போட்டது மாதிரி பளிச்சென்று தெரிகின்றன. வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து விழும்போதும் அவை மட்டும் கன்னங்கரேல். சலீம் அலியின் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினாலும் இந்த ஜாதி அகப்படாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூணாறிலும் இதே ஏழு. ஓமலூர்க் கல்யாண மண்டபத்து ஆல்பத்தில், மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்திருக்கும் பக்கத்தில், இதே ஏழு. மனைப்பிரிவு விளம்பரத்தில் பேருந்து நிலையத்துக்கு மிக அருகில் இதே ஏழு. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் காலமானவரின் தோளுக்கு மேலே ஆன்மாவோடு துணைக்குப் போவதும் இதே ஏழுதான், மூன்றாவதற்கு அங்கேயும் இறக்கை மடங்கித்தான் இருக்கிறது. எந்த நாட்டிலோ யாரோ ஒரு புண்ணியவான் இதை ஒரு பிரஷ்ஷாகச் செய்து இலவசமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும், ஆனால் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கலாம். அல்லது ஒன்றையாவது உட்காரவைத்திருக்கலாம். இத்தனை வருஷமாக ஒரு கிளையில்கூடக் கால் வைக்காமல், ஒரு எச்சம் போடாமல், பயணப்படி வாங்காமல் தமிழ்நாடு முழுக்கப் பறந்துகொண்டே இருக்கின்றனவே, அவற்றுக்கு அலுக்காதா? இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஏற்காட்டில் நிஜப் பறவைகள் உண்டு. கன்னத்தில் சிவப்பும் தலையில் கொண்டையுமாக ஒரு சின்னான், காபித் தோட்டத்துக் கம்பி மேல் உட்கார்ந்து ஊரையே அதட்டிக்கொண்டிருக்கும். அது படத்தில் விழுந்துவிட்டால், 'கம்பியும் ஏதோ அழுக்கும் விழுந்திருக்கு' என்று திருத்தும் பிரஷ்ஷால் அதை முதலில் துடைத்துவிட்டு, பிறகுதான் இந்த ஏழையும் ஏற்றுகிறார்கள்.

பறவையை விட்டாலும் பச்சை விடாது. காபிச் செடியின் இலை கரும்பச்சை, எண்ணெய் தடவிய பளபளப்பு, ஓரம் லேசாக நெளிந்திருக்கும். அதற்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக்கின் இலைக்கு மேற்புறம் ஒரு பச்சை, அடிப்புறம் வெள்ளி. காற்று அடித்தால் மரம் முழுக்க ஒரு நொடி வெளுத்துத் திரும்பும். அதே மரத்தில் ஏறும் மிளகுக் கொடியின் பச்சை வேறு. முதல் கோடை மழைக்குப் பின் சில நாட்கள் காபிப் பூ வெள்ளை வெளேரென்று கொம்பை மூடிக்கொண்டு பூக்கும், குளிர்காலத்தில் பழம் சிவக்கும். இத்தனை பேதமும் ஒரு சதுர அடிக்குள் கிடைக்கிறது. 'சாச்சுரேஷன்' என்கிற கோலை வலது கோடிக்குத் தள்ளியதும் இத்தனையும் ஒரே கிளிப்பச்சையாகிவிடுகிறது, காபியும் இல்லை மிளகும் இல்லை, பிளாஸ்டிக் தோரணம்தான் மிச்சம். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் ஏற்றுவது அந்தக் கோலின் குணம். பக்கத்திலேயே 'வைப்ரன்ஸ்' என்று இன்னொரு கோல் இருக்கிறது. மங்கலான நிறங்களை மட்டும் அதிகமாகத் தூக்கி, ஏற்கெனவே அடர்த்தியானவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதை யாரும் தொடுவதில்லை, தொட்டால் வித்தியாசம் தெரிவதில்லையாம். மணக்க மணக்க வந்த ரசத்தில் பெருங்காய டப்பாவைக் கவிழ்ப்பவருக்குத்தான் கொஞ்சம் போட்டால் வாசனை தெரியாது.

'இது ஒரு பொழுதுபோக்கு சார், இதனால் யாருக்கு நஷ்டம்?' என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்விதான். காசு செலவில்லை, கெட்ட பழக்கமில்லை, ஒரு மனிதர் ராத்திரி பதினொரு மணிக்கு யாரையும் திட்டாமல் மேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நஷ்டம் அடுத்து வருகிறவருக்கு. நீலப் பச்சையாக மின்னும் ஏரியைப் போனில் பார்த்துவிட்டு மலையேறி வருகிறவர், நிஜ ஏரியின் எதிரில் நின்று 'இவ்வளவுதானா?' என்கிறார். ஏரி ஒரு தப்பும் செய்யவில்லை. பாவம், அது ஏரியாக இருக்கிறது. 'போனே தானாகத் திருத்தித்தானே தருகிறது?' என்பது இரண்டாவது ஆட்சேபம். உண்மை. ஒரு தட்டுத் தட்டினால் இன்றைய போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, இருட்டை ஒன்றிலிருந்தும் வெளிச்சத்தை இன்னொன்றிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்துத்தான் காட்டுகிறது. ஆகவே உங்கள் கைக்கு வருவதே ஒரு சுற்று மேக்கப் முடிந்த படம். அதன் மேல் இன்னொரு சுற்றுக்கு என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கெட்டி. 'இந்த மலையே எடிட் செய்யப்பட்டதுதானே?' என்று கேட்பார்கள். கேட்டால் மறுக்க முடியாது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சீமாட்டிகளுக்கு ஓர் ஆசனம், கனவான்களுக்கு ஓர் ஆசனம் என்று பாறைக்குப் பெயர் வைத்ததும் துரைமார்கள் காலத்தில்தான். போதாததற்கு, மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த எடிட்டிங்கை யாரும் படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்யவில்லை. காபி வேர் பிடிக்கக் காலம் ஆயிற்று, பறித்துச் சுமந்தவர்களின் முதுகு வளைந்தது, வெட்டின இடத்துக்கு அன்டூ பட்டனும் கிடையாது. இத்தனையையும் தாங்கி ஒரு முகம் பெற்ற மலையை, அந்த முகம் தெரியாமல் செய்வதுதான் கலை என்றால் என்னால் ஒப்ப முடியவில்லை. 2025 மார்ச்சில் ஏஐ-யிடம் கொடுத்து எல்லோரையும் ஜப்பானிய கிப்லி பொம்மையாக்கினார்களே, அப்போது ஏற்காட்டு ஒண்டிக்கடை பஜ்ஜியும் ஜப்பான் பலகாரமாயிற்று. 'கற்பனை வேண்டாமா?' என்கிறார்கள். தாராளமாக வேண்டும். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. நகக்கண் அளவுப் பூக்கள், இலை நுனியில் குடுவை தொங்கவிட்டுப் பூச்சி பிடிக்கும் செடி என்று, எந்தச் செயலியும் யோசிக்காத விசித்திரங்கள் அங்கே உண்டு. கற்பனை அங்கிருந்து கிளம்பட்டுமே. கிளம்பாது. குடுவைச் செடியின் மேல் பறவை விட இடமில்லை.

சொன்ன மூன்று யோசனைகளில் இரண்டுக்கு இடமில்லாமல் பறவைகள் தின்றுவிட்டன. போகட்டும், ஒன்றே போதும். டிரைப் மேகம் தீட்டினார் என்று இன்றைக்கு நமக்கு எப்படித் தெரிகிறது? அவருடைய நெகட்டிவ்களில் சில பிழைத்துக் கிடப்பதால்தான். தூரிகை எங்கே பட்டது என்பது அதில் தெரிகிறது. ஆகவே உங்கள் இஷ்டம்போலச் சாயம் ஏற்றுங்கள், சேலத்துக்குத் துறைமுகமே கட்டுங்கள். ஆனால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலின் மேல் வேலை செய்யுங்கள், எடுத்த அசலை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் ஏற்காடு எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். எனக்கு அனுப்புவதானால் அசலை அனுப்புங்கள். டிஜிட்டல் ஆர்ட்டை டிரெவல்யன் துரைக்கு அனுப்பிவிடுங்கள்.