பைப்பெட்டிலிருந்து பணப்பெட்டிக்கு

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி.யை ஒட்டி கெண்டல் சதுக்கம் என்றொரு பேட்டை. அங்கே கல்லெறிந்தால் யாராவது ஒரு உயிரியல் முனைவர் மேல்தான் விழும். கையில் பைப்பெட் இருந்தால் ஆராய்ச்சியாளர்; காபிக் கோப்பையும் நிதானமும் இருந்தால் துணிகர முதலீட்டாளர்.

ஆறேழு வருடம் ஒரே புரதத்தோடு குடித்தனம் நடத்தியவர், முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்ததும் அடுத்தவரின் ஆறேழு வருடத்தை அரைமணி நேரத்தில் ஓரங்கட்டுகிறார். ஆய்வகத்தில் “இது தேறாது” என்றால் பேராசிரியர் முறைப்பார். இங்கே அதற்குச் சம்பளம். மனிதச் சோதனைக்கு வரும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் அங்கீகாரம் பெறுகிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு “தேறாது” என்றே சொல்லிவந்தாலும், பத்துக்கு ஒன்பது முறை அவர் தீர்க்கதரிசி.

இவர்கள் நடத்தும் முதலீட்டு நிதியின் ஆயுள் வழக்கமாக 10 ஆண்டு. நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். அது எலி பிழைத்தாலும் வரும், செத்தாலும் வரும்.

இத்துறையின் தலபுராணம் 1976-ல் தொடங்குகிறது. ராபர்ட் ஸ்வான்சன், விஞ்ஞானி ஹெர்பர்ட் பாயரிடம் பத்து நிமிடம் கேட்டார். பேச்சு பீரோடு மூன்று மணி நேரம் நீண்டது. ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள், ஜெனென்டெக் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் பிறந்தது. புராணத்தில் மெதுவாகப் படிக்கும் வரி ஒன்று உண்டு: ஸ்வான்சன் அப்போது துணிகர முதலீட்டு வேலையை இழந்து நின்றவர்.