தானே நகரும் கர்சர்: வத்தலக்குண்டு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

லேப்டாப்பில் கர்சர் நகரும் என்பது யாவரும் அறிந்ததே. எவரும் நகர்த்தாமலே அது நகர்வதை ஆராய இதுகாறும் ஒருவரும் முன்வராதது தமிழாய்வுலகின் பெருங்குறை. (எல்லா ஆய்வேடும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். நாம் மட்டும் ஏன் மீற வேண்டும்?) ஆய்வெல்லை வத்தலக்குண்டு, அதிலும் கொடைக்கானல் சாலையோர ஜெராக்ஸ் கடை ஒன்று, அதிலும் அங்குள்ள ஒரே லேப்டாப். ராஜம் ஐயரும் பி.எஸ். ராமையாவும் பிறந்த ஊர், சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர் என்பதால் எதையும் ஆராயும் தகுதி இம்மண்ணுக்கு உண்டு. கட்டுரையாளருக்கு உண்டா என்பது ஆய்வெல்லைக்கு வெளியே.

முதன்மைச் சான்று வருமாறு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகும் சுற்றுலா வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். வாசலில் வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. பெயர், வண்டி எண், ஆள் எண்ணிக்கை எல்லாம் அடித்தாயிற்று. கடைசிப் பொத்தானை நோக்கிப் போன கர்சர் பாதி வழியில் மனம் மாறி, வலப்பக்க மேல் மூலைக்கு ஏறி, பக்கத்தையே மூடிவிட்டது. “அண்ணே, நான் தொடவே இல்லண்ணே!” (கடைக்காரத் தம்பி, வாய்மொழி.)

இனி திணை ஆராய்ச்சி. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது: தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர், அடுத்து நா, மூக்கு, கண், செவி, மனம் என்று ஒவ்வொன்றாக ஏறும். டச்பேடுக்குத் தொடுவுணர்வு மட்டுமே உண்டு; ஆகவே அது புல்லோடும் மரத்தோடும் சேர்த்து எண்ணத்தக்கது. மவுஸின் மூலபாடமும் இதற்கு அரண் செய்கிறது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அரங்கேற்றிய மவுஸின் மூதாதை, அதற்குச் சில ஆண்டு முன்பு மரக்கூட்டில் செய்யப்பட்ட முதல் மவுஸ். மரம் ஓரறிவு; மவுஸ் மரம்; எனவே ஐயமில்லை. சிக்கல் பிற்கால ஆப்டிகல் மவுஸால் வந்தது. அதன் வயிற்றில் சின்னக் கேமரா. மேசையை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படமெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நகர்ந்த தூரம் கணிக்கிறது. அதாவது நாவும் மூக்கும் வாய்க்காமல் நேரே கண்ணுக்குத் தாவிய உயிர். இதை எவ்வறிவில் அடக்குவது? ‘இனம்பற்றிக் கொள்க’ என்று சொல்லி உரையாசிரியர் வழக்கம்போல் நழுவலாம். கேமராக் குழியில் ஒரு தலைமுடி விழுந்தாலே இவ்வுயிர் நடுங்கும் என்பதை எந்த உரையும் சொல்லவில்லை. ஊதினால் போய்விடும் என்பதையும்தான்.

காரணங்கள் பல.

பேய்: கடை மூடிய பிறகு ஆராயத்தக்கது.

வைரஸ்: எல்லாரும் சொல்வர், எவரும் கண்டதில்லை.

சூரியன்: 1909இல் மேலே கொடைக்கானல் ஆய்வகத்தில் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நகர்வது தெரிந்த மலையின் அடிவாரத்தில், ஒரு முழத்தில் நகர்வது ஏன் என்று தெரியவில்லை.

சுண்ணாம்பு: இதுவே இவ்வட்டாரத்தின் தனிப்பங்களிப்பு. வத்தலக்குண்டு வெற்றிலைக்குப் பேர்போனது. கடைக்காரத் தம்பியின் பெரியப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய ஆள்காட்டி விரலாலேயே லேப்டாப்பையும் தடவுகிறார். டச்பேடின் அடியில் மெல்லிய மின்கம்பி வலை; விரல் நெருங்கினால் அங்குள்ள மின்தேக்குத்திறன் மாறும்; அதுதான் தொடுகை. ஈரச் சுண்ணாம்புத் தீற்றலும் அதற்கு விரல்தான். பெரியப்பா விரலை எடுத்த பின்னும் இன்னொரு பெரியப்பா அங்கேயே இருக்கிறார் (டீ மாஸ்டர், வாய்மொழி, பாய்லருக்கு இப்புறம்). சுண்ணாம்பு அல்ல, புகையிலைச் சாறே என்போரும் உளர் (அதே டீ மாஸ்டர், பாய்லருக்கு அப்புறம், பாக்கி கேட்ட பிறகு). இவ்விரு பாடங்களில் எது முந்தையது என்பது பற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கமே நடத்தலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் ஒருவர் போதும், பன்னாடு ஆகிவிடும்.

பேட்டரி உப்பி அடியிலிருந்து டச்பேடை முட்டுவதும் ஒரு காரணம். இதில் மட்டும் நகைக்க ஏதுமில்லை. உடனே அணைத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும்.

இந்நிலையில் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் குறுக்கிட்டார். “சார்ஜரைப் புடுங்கிப் பாருங்க” (வாய்மொழி, ஏணியின் மூன்றாம் படி, வாயில் இரண்டு ஸ்க்ரூவுடன்). பிடுங்கினோம். கர்சர் அடங்கியது. செருகினோம். மறுபடி ஓடியது. லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சார்ஜருக்கு மூன்று முள். சுவரில் இருந்ததோ டூ பின் சாக்கெட். இடையில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி எர்த் முள்ளை அந்தரத்தில் விட்டிருந்தார்கள். சார்ஜரிலிருந்து கசியும் சொற்ப மின்சாரத்துக்கு இறங்க வழியில்லை. அந்த இரைச்சலை விரலென்று எண்ணி டச்பேடு ஓடியிருக்கிறது.

மேற்படியார் முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். மேற்கோள் நூல் எதையும் காட்டவில்லை. சோதனையும் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆகவே இம்முடிபு ஆய்வுலகம் ஏற்கத்தக்கதன்று. மேலாய்வுக்கு நிதிநல்கை கோரி எழுதிய விண்ணப்பம் அதே லேப்டாப்பில் இருக்கிறது. அனுப்பு பொத்தானை அழுத்தத் தம்பி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தான். பேட்டரி இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது என்று யாரும் சொல்லவில்லை.