ராசியில்லாத ரசிகை

2024-25 சீசனில் யூகான் பெண்கள் கூடைப்பந்து அணி 40 ஆட்டங்கள் ஆடியது. 37 வெற்றி, 3 தோல்வி. கடைசியில் தேசியக் கோப்பையும் அவர்களுக்கே. அந்த 40-இல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போயிருந்தாலும் சிரித்த முகத்துடன் வீடு திரும்ப நிறைய வாய்ப்பு இருந்தது. நான் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுத்தேன். ஏழு மாநிலங்கள் வழியாகச் சுமார் 850 மைல் காரில் போய், மூன்று தோல்விகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.

யூகான் என்றால் கனெக்டிகட் பல்கலைக்கழகம். நாங்கள் இருப்பது ஹார்ட்ஃபோர்டு பக்கம். காப்பீட்டு நிறுவனங்களால் பிழைக்கும் ஊர். என் கணவரும் அவற்றில் ஒன்றில் ஆக்சுவரி. யார் எத்தனை வயதுவரை இருப்பார்கள், எத்தனை வீட்டில் தீப்பிடிக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு பிரீமியம் சொல்கிற உத்தியோகம். நிகழ்தகவைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர் என்று அலுவலகத்தில் நல்ல பெயர். வீட்டில் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாநிலத்தில் ஆண்களின் பெரிய தொழில்முறை அணி என்று இருந்தது வேலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி. அதுவும் 1997-இல் மூட்டை கட்டிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த அன்பையெல்லாம் மக்கள் யூகான் பிள்ளைகள் மேல் கொட்டிவிட்டார்கள். அரங்குக்குப் போனால் பாதிப் பேர் பாட்டிகளாகத்தான் தெரிவார்கள். பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரை மடியில் வைத்துவிட்டு, நடுவருக்குக் கண் தெரிகிறதா என்று உரக்க விசாரிக்கும் பாட்டிகள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி அந்த ரகம். பனி வாரும் மண்வெட்டியை இரவல் கேட்கப் போன என்னைச் சோபாவில் உட்காரவைத்து ஒரு முழு ஆட்டத்தையும் பார்க்கவைத்தவர் அவர்தான். மதம் மாறுவது அவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் சேர்ந்த நேரமும் அப்படி. 2014 முதல் 2017 வரை யூகான் தொடர்ந்து 111 ஆட்டங்கள் ஜெயித்தது. தோற்பது எதிரணியின் வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு 2017-இல் டல்லாஸில் நடந்த தேசியக் கோப்பை அரையிறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் அணியின் மோர்கன் வில்லியம், ஐந்தடி ஐந்து அங்குலப் பெண், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் ஒரு பந்தை வீசினாள். அது விழுந்தது. எதிர்வீட்டுப் பாட்டி தொலைபேசியில் கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், “சாப்பிட்டாயா?” என்று கேட்டார்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசைக்கு நாக்ஸ்வில்லைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அங்குள்ள டென்னசி பல்கலைக்கழகத்தின் லேடி வால்ஸ் அணிக்கும் எங்களுக்கும் 1995 முதல் பகை. அங்கே பயிற்சியாளர் பாட் சம்மிட், இங்கே ஜீனோ ஆரியெம்மா. சம்மிட் 1974-இல் 22 வயதில் பயிற்சியாளரானபோது மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டுவார், பிள்ளைகளின் சீருடையை அவரே துவைப்பார். அங்கிருந்து 1,098 வெற்றி, 8 தேசியக் கோப்பை. ஜீனோ இத்தாலியில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். 1985-இல் அவர் யூகானுக்கு வந்தபோது, அந்த அணி அதன் சரித்திரத்திலேயே ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியைவிட அதிக வெற்றி கண்டிருந்தது. இருவரும் மைக் முன்னால் பேசிக்கொண்டதை வைத்து ஒரு குடும்ப சீரியல் எடுக்கலாம். 2007-க்குப் பிறகு, இனி உங்களோடு ஆட்டமே வேண்டாம் என்று சம்மிட் நிறுத்திவிட்டார். 2011-இல் அவருக்கு அல்சைமர் என்று தெரிந்ததும், அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு ஜீனோ 10,000 டாலர் கொடுத்தார். சண்டைக்காரர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும். 2016-இல் சம்மிட் காலமானார். 2020-இல் ஆட்டங்கள் மறுபடி தொடங்கின.

புறப்படுவதற்கு முன்தினம் மதுரையிலிருந்து அம்மா பேசினாள்.

“நாக்ஸ்வில்லுல நம்ம ஆளுக யாருடி இருக்காக?”

“யாரும் இல்லம்மா. பிள்ளைக பந்து விளையாடுறதைப் பார்க்கப் போறோம்.”

“யாரு வீட்டுப் பிள்ளைக?”

“ஒருத்தி மினசோட்டாக்காரி. ஒருத்தி வர்ஜீனியா. இன்னொருத்தி வட கரோலினா.”

“அப்ப உங்க ஊர்க்காரியும் இல்லையா?”

பெய்ஜ் பெக்கர்ஸ், அஸி ஃபட், சாரா ஸ்ட்ராங் மூவரையும் ஒரே கேள்வியில் அம்மா அந்நியராக்கிவிட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஹார்ட்ஃபோர்டிலிருந்து நாக்ஸ்வில்லுக்கு வழி கேட்டால் யாரும் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்: 84-ஆம் நெடுஞ்சாலையைப் பிடி, ஸ்க்ராண்டனில் 81-க்கு மாறு, அப்புறம் ஏறக்குறைய வாழ்க்கை முழுக்க 81. மேரிலாந்து 12 மைலில் முடிந்துவிடும். மேற்கு வர்ஜீனியா 26 மைல். அடடா, பறக்கிறோமே என்று நிமிர்ந்து உட்காரும்போது வர்ஜீனியா வரும். அது 325 மைல். சரக்கு லாரிகளுக்கு நடுவே புளியோதரையைப் பிரித்து, தயிர் சாதத்தைப் பிரித்து, எனக்கும் என் கணவருக்கும் பேச இருந்ததையெல்லாம் பேசி முடித்த பிறகும் வர்ஜீனியாவே ஓடிக்கொண்டிருந்தது.

இவர் கூட வந்தது கூடைப்பந்துக்காக அல்ல. இரவில் நான் தனியாகக் கார் ஓட்டுவதன் ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நான் யூகானின் கருநீலச் சட்டை. இவர் சாம்பல் நிற ஸ்வெட்டர். கேட்டதற்கு, “எந்தப் பக்கம் ஜெயித்தாலும் பத்திரமாகக் கார் வரை போகணும்ல?” என்றார். தொழில் புத்தி.

நாக்ஸ்வில்லில் முதலில் கண்ணில் படுவது ஒரு பந்து. 30 அடி உயரம், 10 டன் எடை. பெண்கள் கூடைப்பந்துப் புகழரங்கின் கூரையில் உட்கார்ந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய கூடைப்பந்து என்கிறார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது. 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஸ்ப்ரிங்ஃபீல்டு எங்கள் ஊரிலிருந்து 25 மைல். அடுத்த வருஷமே செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஸ்மித் கல்லூரியும் அதற்குக் கொஞ்சம் மேலேதான். பெண்களுக்கான புகழரங்கை மட்டும் எதிரியின் ஊரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். உள்ளே போன பிறகு ஆறுதல்: 2006-இல் சேர்க்கப்பட்ட ஜீனோவும் அங்கே இருக்கிறார். சம்மிட் 1999-லேயே, முதல் வரிசையில். பகையாளிகள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ், பத்து டன் பந்துக்கு அடியில்.

அரங்க வாசலில் சோதனை. அமெரிக்காவின் பல பெரிய அரங்குகளில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை மட்டும்தான் கொண்டுபோகலாம். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. நாக்ஸ்வில் அரங்கின் பெயரில் ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இவர் படித்துக் காட்டினார். மிச்சப் புளியோதரை காரிலேயே இருந்தது.

உள்ளே ஆரஞ்சு. சட்டை, தொப்பி, காது வளையம், குழந்தையின் கன்னம், எல்லாம் ஆரஞ்சு. ஆடுகளத்துக்கே சம்மிட்டின் பெயர். ‘ராக்கி டாப்’ என்ற பாட்டை பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி அதையே வாசிக்கிறார்கள். 1982-இல் அதை மாநிலப் பாடல்களில் ஒன்றாகச் சட்டம் போட்டே வைத்திருக்கிறார்கள். இடைவேளைக்குள் எனக்கு மெட்டு மனப்பாடம். காபி வாங்க வரிசையில் நின்றபோது முணுமுணுத்துவிட்டேன் என்று இவர் சொல்கிறார். நான் மறுக்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்த இடம் உச்சிக்கு அருகில். பக்கத்தில் ஆரஞ்சு காதணி போட்ட ஒரு அம்மாள். என் நீலச் சட்டையைப் பார்த்து, “உங்கள் மகள் ஆடுகிறாளா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “அண்ணன் மகள்?” என்றார். ரத்த சம்பந்தம் இல்லாமல் ஒருத்தி 850 மைல் வருவாள் என்பதை மதுரையும் நம்பவில்லை, டென்னசியும் நம்பவில்லை. கடைசியில் பாப்கார்ன் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். தெற்கத்திக்காரர்களின் மரியாதைக்குக் குறைவே கிடையாது. பந்து மேலே எழும்பும்வரை.

ஆட்டம் தொடங்கியதும்தான் அவர்கள் பயிற்சியாளர் கிம் கால்ட்வெல் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. டென்னசியில் அது அவருக்கு முதல் சீசன். குழந்தை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நம் ஊரில் பத்திய சாப்பாடு முடிந்திருக்காது. அவர் ஓரக்கோட்டில் நின்று, ஐந்து பெண்களை மொத்தமாக வெளியே இழுத்து ஐந்து பேரைப் புதிதாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறுவது போல. ஏறியவர்கள் எல்லாரும் களைப்பில்லாதவர்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பந்தைத் துரத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பஸ்.

வெளியூர் ரசிகையாக இருப்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. கை தட்டும்போது நாம் மட்டும்தான் தட்டுவோம். பெய்ஜ் ஒரு பந்தைப் போட்டதும் எழுந்து “ஆஹா!” என்றேன். சுற்றிலும் அமைதி. என் ஆஹா கூரை வரை போய், முட்டி, திரும்பி என்னிடமே வந்தது. அதன் பிறகு உட்கார்ந்தபடியே மகிழ்ந்தேன். முழங்காலுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், கட்டைவிரலை மட்டும் உயர்த்தி.

இன்னொன்றும் நடந்தது. உள்ளூரில் மற்றவர்கள் எழுந்தால் எழுவேன், கத்தினால் கத்துவேன். பாதி ஆட்டம் முன்வரிசைக்காரரின் முதுகுதான். இங்கே கத்த வழியில்லாததால் கண்ணால் பார்த்தேன். பந்து இல்லாத பெண் எங்கே ஓடுகிறாள், யார் யாருக்கு வழி மறிக்கிறாள், எந்தக் கணத்தில் ஒருத்தி களைத்துவிட்டாள் என்பதெல்லாம் தெரிந்தது. ஹார்ட்ஃபோர்டில் நான் பார்த்தது யூகானை. கூடைப்பந்தை நாக்ஸ்வில்லில்தான் பார்த்தேன்.

80-76. டென்னசிக்கு. 2007-க்குப் பிறகு அவர்கள் எங்களை ஜெயித்தது அன்றுதான். பதினெட்டு வருஷம் காத்திருந்த ஆரஞ்சுக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆரஞ்சு காதணி அம்மாள் என் தோளில் கை வைத்து, “இவ்வளவு தூரம் வந்தீர்களே, கண்ணு” என்று உருகினார். எதிரியின் அனுதாபத்துக்கு மருந்து கிடையாது. இவர் மட்டும் சாம்பல் ஸ்வெட்டரில், யாருடைய அனுதாபமும் படாமல், பத்திரமாகக் கார் வரை வந்தார்.

325 மைல் வர்ஜீனியா திரும்பவும் இருந்ததே, அதில்தான் இவர் அந்த வார்த்தையைச் சொன்னார். “உனக்கு ராசி இல்லை.”

ஆக்சுவரி சொல்கிறார், ராசி இல்லையாம்! டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் யூஎஸ்சி அணியிடம் 72-70 என்று தோற்றபோதும் நான் அரங்கில் இருந்தேன் என்று நினைவூட்டினார். சரி, அதே டிசம்பரில் நோட்ரடாம் அணியிடம் தோற்றபோது நான் வீட்டில்தானே இருந்தேன் என்றேன். “டிவியில் பார்த்தாய்” என்றார். நான் நேரில் பார்த்து ஜெயித்த ஆட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டேன். அவையெல்லாம் எப்படியும் ஜெயித்திருக்கும் ஆட்டங்களாம், கணக்கில் வராதாம். இந்த முறையில் பிரீமியம் நிர்ணயித்தால் அவருடைய நிறுவனம் ஒரு மாதம் தாங்காது.

ஆனால் விதி அவர் பக்கம் நின்றது. பத்தே நாள் கழித்து யூகான் தென் கரோலினாவுக்குப் போனது. சொந்த அரங்கில் தொடர்ந்து 71 ஆட்டங்கள் தோற்காத அணி அது. நான் போகவில்லை. 87-58 என்று ஜெயித்தார்கள். அதன் பிறகு சீசன் முடியும்வரை ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஏப்ரல் 6 அன்று டாம்பாவில் இறுதி ஆட்டம். நான் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் எதிர்வீட்டுப் பாட்டியே வந்துவிட்டார். இவர் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். “உன்மேல் எனக்கு ரொம்பப் பிரியம். தயவுசெய்து வீட்டில் இரு” என்றார். இருந்தேன். 82-59. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கோப்பை, யூகானின் 12-வது. பெய்ஜ் ஆடினாள், அஸி ஆடினாள், சாரா ஆடினாள், நான் டாம்பாவுக்குப் போகாமல் இருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்களிப்பு.

அந்தப் பெண்கள் யாரும் நான் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தேன் என்று கடைசிவரை விசாரிக்கவே இல்லை. ரசிகர்களுக்கு இதைவிட ஆரோக்கியமான செய்தி வேறு கிடையாது. நம்மால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் நிம்மதியாகப் போய்ப் பார்க்கலாம்.

சென்னையில் ஆடி வளர்ந்து, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார் அனிதா பால்துரை. அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? உங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்திலும் மாலை நேரத்தில் பெண்கள் பந்தாடிக்கொண்டிருப்பார்கள். 850 மைல் போக வேண்டாம், ஒரு பஸ் பிடித்தால் போதும். யாரும் சொந்தமில்லை என்று தயங்காமல் போய் உட்காருங்கள். ராசி பயம் இருந்தால் எதிரணிப் பக்கமாக உட்காருங்கள்.