மன்னவனூர்ச் சரிவில் இரண்டு தலைமுறை

1990-களின் தொடக்கத்தில், கட்டடக்கலை மூன்றாம் ஆண்டில், எங்களுக்குக் கொடுத்த வடிவமைப்புத் தலைப்பு சுற்றுலா விடுதி. இடம் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், மேல்மலை என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் ஊர்களில் ஒன்று. இருபது அறை, ஓர் உணவகம், நாற்பது பேர் உட்காரும் கூடம், எல்லாவற்றுக்கும் தட்டையான கான்கிரீட் கூரை. மலைக்கு வருகிறவர்களுக்கு எது வேண்டும் என்பது தலைப்புத் தாளிலேயே இருந்தது. மலையில் இருப்பவர்களுக்கு எது வேண்டும் என்ற கேள்விக்கு அதில் வரி இல்லை.

இப்போது அதே ஊரைச் சைட்டாக எடுத்துக்கொண்ட மாணவர்களின் ஷீட்டுகளைப் பார்க்க ஜூரியில் உட்காருகிறேன். தலைப்பு சமூக மையம் என்று மாறியிருக்கிறது. மண்சுவர், மூங்கில் சட்டம், புல் வேய்ந்த கூரை.

அன்று ஊரில் மண்சுவர் இருந்தது, எங்கள் தாளில் கான்கிரீட் இருந்தது. இன்று ஊரில் கான்கிரீட் இருக்கிறது, மாணவர்களின் தாளில் மண் இருக்கிறது. முப்பது ஆண்டுகளில் ஊரும் கல்லூரியும் எதிரெதிராக நடந்து, வழியில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கடந்து போயிருக்கிறார்கள்.

அப்போதைய மன்னவனூர் வீடுகள் சரிவின் குறுக்கே வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரிசையின் கூரை விளிம்பும் மேல் வரிசையின் வாசலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். கல் அடித்தளம், ஒன்றரை அடிக் கனத்தில் மண்சுவர், சின்ன ஜன்னல். அடுப்புக்கு மேலே பரண். பரணில் பூண்டுக் கட்டுகள். சமையல் புகை பூண்டைக் கெடாமல் காத்தது, அதே சூடு வீட்டையும் காத்தது. இந்தப் பூண்டுக்குத்தான் 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று புவிசார் குறியீடு கிடைத்தது.

மட்டம் பார்க்கும் டம்பி லெவலையும் ஸ்டாஃப் என்னும் அளவுக் கம்பத்தையும் தூக்கிக்கொண்டு சரிவில் அளவெடுத்தோம். ஸ்டாஃப் பிடிக்கிறவன் பத்தடி தள்ளிப் போவதற்குள் மூடுபனி அவனை மறைத்துவிடும். பனி விலகும்வரை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் காத்திருப்பில்தான் ஊர் எங்களுக்குக் கொஞ்சம் பழகியது. விரித்து வைத்திருந்த வரைபடத்தை ஒரு பாட்டி குனிந்து பார்த்தார். அறைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல பூண்டை எங்க தம்பி கட்டித் தொங்கவிடுறது?" என்றார்.

சுற்றுலா விடுதியில் பூண்டுக்கு இடமில்லைதான். ஆனாலும் கட்டடக்கலை வகுப்பில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

அதன் பிறகு ஊருக்குக் கான்கிரீட் வந்தது. கல்லூரிகள் கொண்டுபோய்க் கொடுத்ததாக யாரும் பெருமைப்பட வேண்டாம், காரணங்கள் வேறு. பழனிமலையின் மேல்பகுதிப் புல்வெளிகளில் பல பத்தாண்டுகளாக வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நடப்பட்டன. புல் போனபோது கூரை வேயும் பொருளும் போனது. மிஞ்சிய காட்டில் போய் அறுக்கவும் முடியாது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கூரைக்குத் தகரம் வந்தது. அரசு வீட்டுத் திட்டங்களும் வந்தன. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றப் புறப்பட்டது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. தஞ்சாவூர் வெயிலுக்கும் மேல்மலை உறைபனிக்கும் ஏறக்குறைய ஒரே தட்டைக் கூரை.

அந்தக் கூரைக்குக் கீழே ஒரு ஜனவரி இரவு படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேகமில்லாத இரவில் தளம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. உள்ளே இருப்பவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தளத்தில் பட்டுத் துளியாகிச் சொட்டும். "கூரை வேர்க்குது" என்பார்கள். பல வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேலேயே தகரத்தைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். மழை ஒழுகாமல் இருக்கச் செய்த வேலை அது. கட்டடக்கலை மாணவன் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் அந்தத் தகரத்துக்கும் தளத்துக்கும் இடையில் இருக்கிறது.

மாணவர்கள் அதைப் பார்ப்பதில்லை. ஊருக்கு ஒரே ஒரு நாள் வேனில் வருகிறார்கள். காண்டூர் என்னும் சம உயரக் கோடுகளைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து இறக்கிக்கொள்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் தரவு பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஓர் உயர அளவு தருகிறது. மன்னவனூரில் ஒரு பூண்டு வயலின் படி சில மீட்டர் அகலம்தான். ஆகவே கணினித் திரையில் படிகள் கிடையாது. வழவழப்பான ஒரு பச்சைச் சரிவு மட்டும். தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கி உண்டாக்கிய நிலம் தரவிலேயே காணாமல் போய்விடுகிறது. அந்தப் பச்சைச் சரிவில் கட்டடத்தை வைத்து, நீல வானத்தோடு படம் எடுக்கிறார்கள். படத்தில் பனிமூட்டமே இருப்பதில்லை.

வயலின் கல்கட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லை. மழைநீர் மண்ணில் இறங்கிக் கல் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். அதனால் சுவருக்குப் பின்னால் நீரின் அழுத்தம் சேராது. இப்போது சாலையோர விடுதிகளுக்கு ஜேசிபியால் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித் தளமாக்கி, கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். பாதிக் கட்டடம் வெட்டிய நிலத்தில், பாதி கொட்டிய நிலத்தில். கொட்டிய மண் மெல்ல இறங்கும். சுவரில் நீர் வெளியேறத் துளைகள் விடாவிட்டால் ஐப்பசி மழையில் அந்தச் சுவரே அணையாகிவிடும். 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் நடந்த நிலச்சரிவை எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு செப்டம்பரில், மன்னவனூரைத் தாண்டி இருக்கும் கிளாவரைப் பக்கம் காட்டில் நிலம் நீளமாகப் பிளந்த செய்தி வந்தது. இதற்குப் பிறகும் சைட் அனாலிசிஸ் என்ற பெயரில் காற்று வீசும் திசைக்கு ஓர் அம்பும் சூரியப் பாதைக்கு ஒரு வளைவும் போட்டால் போதும் என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மண்ணுக்கு வருகிறேன். அண்மையில் ஒரு மாணவர் குழு தன் மண்சுவர்ச் சமூக மையத்தை ஊர்க்காரர்களிடமே காட்டியது. அதற்காகவே அந்தக் குழுவின் ஆசிரியரை மனதாரப் பாராட்டினேன். ஓர் இளம் விவசாயி கேட்டார்: "எங்க தாத்தா வீட்டையே எங்களுக்குக் காட்டுறீங்க. நல்லாத்தான் இருக்கு. வருசா வருசம் சாணி போட்டு மெழுகுனது எங்கம்மா. இனிமே யார் மெழுகுறது?" கூடத்தில் யாரும் பேசவில்லை. மூங்கிலைப் பற்றியும் அவரே கேட்டார்: இந்த உயரத்தில் அது விளையாது, கீழே இருந்து லாரியில் வர வேண்டும், அந்தச் செலவுக்குச் சிமெண்டே வந்துவிடுமே?

மண் தோற்றதாக இதற்குப் பொருள் இல்லை. கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி எகிப்தில் லக்சருக்கு அருகே 1940-களில் மண் செங்கல்லால் புதிய குர்னாவைக் கட்டினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற வில்வளைவுகளும் குவிமாடங்களும். ஆனால் குடியேற வேண்டிய குர்னா மக்கள் பழைய ஊரை விட்டு வர மறுத்தார்கள்; திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் எழுந்தது. இன்னொரு கட்டடக்கலைஞரான லாரி பேக்கர் வேறு வழியில் போனார். இமயமலையில் பித்தோராகரில் மனைவி எலிசபெத்தோடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, உள்ளூர்க் கொத்தனார்கள் கல்லையும் மண்ணையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துக் கற்ற பிறகுதான் கேரளத்துக்கு வந்தார். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோ 1993-இல் தொடங்கியது முதல் அலபாமாவின் ஒரே ஏழை வட்டாரத்தில் மாணவர்களைத் தங்கவைத்து, உண்மையான வீடுகளைக் கட்டவைக்கிறது. நம் கல்லூரிகள் ஆண்டுக்கு ஓர் ஊர் மாற்றுகின்றன. மன்னவனூரில் ஒரு கூட்டம் கற்றது அடுத்த கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

கான்செப்ட் என்று எடுத்தால், மன்னவனூர் என்றதும் எல்லோருக்கும் ஆடுதான் தோன்றுகிறது. 1965 முதல் அங்கே மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் பார்க்கப் பயணிகள் போகிறார்கள். உடனே நூல்கண்டு வடிவத்தில் ஒரு மண்டபம், மந்தைபோல் சிதறிய குடில்கள். இளம் வயதில் உருவத்தைப் பிடித்துக்கொள்வது இயல்பு. அதைத் தாண்டி வந்த ஒரு மாணவியின் வேலையை மட்டும் நான் மறக்கவில்லை.

அவள் புதிய கட்டடம் எதையும் வரையவில்லை. ஊரில் ஏற்கெனவே நிற்கும் 300 சதுர அடி இலவச வீட்டை எடுத்துக்கொண்டாள். தளத்துக்கு மேல் மக்கள் தாங்களே போடும் தகரத்தை இன்னும் உயர்த்தி, நடுவில் ஆள் குனிந்து நுழையும் பரண் வைத்தாள். அதில் பூண்டு காயும். அடுப்புப் புகைப்போக்கி அந்தப் பரண் வழியே போகும். மன்னவனூரில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தென்வானில் சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும்; அந்த வெயில் விழும்படி தெற்குப் பக்கம் திறப்பு. நெய்ய உதவாத முரட்டுக் கம்பளியைத் தைத்து மெத்தைபோல் தளத்தின் மேல் விரித்தாள். இரவில் சூடு மேலே போகாது, கூரையும் வேர்க்காது. ஆடு அவள் கட்டடத்துக்குள் வந்தது இப்படித்தான். எங்கள் வரைபடத்தைத் தொட்டுப் பார்த்த பாட்டியை அவள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு விடை அவளுடைய ஷீட்டில் இருந்தது.

ஜூரியில் ஒருவர் "இதில் கான்செப்ட் எங்கே?" என்றார். நான் அவளுக்காக வாதாடினேன். நடுத்தர மதிப்பெண்தான் கிடைத்தது. நான் பார்த்த மன்னவனூர் வேலைகளில் அதுதான் சிறந்தது.

2024-இல் தமிழக அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது: 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மலைக்கு என்று தனியாக ஒரு வரைபடம் அதற்கு வேண்டும். அடுத்த பருவத்துக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்களே, விடுதியையும் சமூக மையத்தையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். இந்த 360 சதுர அடியைக் கொடுங்கள். மாணவர்களை ஐப்பசி மழையில் ஒருமுறை, தை மாத உறைபனியில் ஒருமுறை மேல்மலைக்கு அனுப்பி, இரவு தங்கச் சொல்லுங்கள். ஜூரியில் ஒரு நாற்காலியை அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். அவர் போடும் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டுங்கள்.