அட்டைக்குள்ள நூல் இல்ல கண்ணு

வா கண்ணு, திண்ணையில உக்காரு. கீபோர்டு வாங்கிட்டயாமே? ரெண்டு எருமை வெலைன்னு உங்கம்மா பொலம்பறா. எருமைன்னா சாணி அள்ளணும். இதைத் துணி போட்டு மூடி வெச்சாப் போதும். நீயும் அப்படித்தான் வெச்சிருக்கயாமா?

என்னமோ மிடி, மிடிங்கற. பழைய தமிழ்ல மிடின்னா வறுமை. உன்ற தவணைச் சீட்டைப் பாத்தேன், பேரு பொருத்தந்தான்.

எளம்பிள்ளையில நாப்பது வருசம் தறி ஓட்டினவன் நானு. பாட்டு தெரியாது, இந்தச் சமாச்சாரம் தெரியும். ஜக்கார்டு பெட்டியில ஓட்டை போட்ட அட்டை தொங்குதே, அதுல ஒத்தை இழை நூல் உண்டா? எந்த இழையைத் தூக்கு, எதை விடுன்னு சொல்லும், அவ்ளோதான். பட்டுப் பாவு பூட்டினாப் பட்டுச் சேலை, பருத்தி பூட்டினாப் பருத்தி. பூவு என்னமோ அதே பூவுதான்.

உன்ற மிடியும் அட்டைதான், அதுல சத்தமே கெடையாது. 60-ம் நம்பர் கட்டையை அமுக்கு, இத்தனை பலமா அமுக்கு, இப்பக் கையை எடுன்னு உத்தரவு போடும். பலத்துக்கு நம்பர் 127 வரைக்கும். சத்தத்தை நெய்யற தறி சிந்தசைசரு. 1983 சனவரியில அமெரிக்காவுல ஒரு வாத்தியக் கண்காட்சி. புராஃபெட்-600, ஜூபிடர்-6னு போட்டிக் கம்பெனிக்காரங்க பெட்டி ரெண்டை ஒயர்ல கோத்தாங்க. இதுல வாசிச்சா அது பாடுச்சு. பங்காளிக ரெண்டு பேரு ஒரே கெணத்துல சண்டையில்லாம தண்ணி எறைச்ச மாதிரி! மூணு வருசத்துல ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரு வெச்சு இசை போட்டாரு.

ஒரு பெட்டியில ஒரு நம்பருக்கு வயலினு, அடுத்த பெட்டியில அதே நம்பருக்கு ஊதல். இந்தக் கொளறுபடிக்கு 1991-ல பஞ்சாயத்து பேசி, 128 வாத்தியத்துக்கு வரிசை நம்பர் குடுத்தாங்க. ஷெனாய்க்கு 112. நம்ம நாதஸ்வரத்துக்கு? பந்தியில எலையே போடல. தவிலும் அப்படியே. பஞ்சாயத்து நடந்தன்னிக்கு ரெண்டும் எங்கியோ முகூர்த்தத்துக்குப் போயிருந்துச்சோ என்னமோ.

பென்டிரைவுல வெச்சிருக்கயே மைனஸ் ட்ராக்கு, பாடறவன் குரல் மட்டும் இல்லாத பாட்டு, அது வேற சங்கதி. அது நெய்து மடிச்ச சேலை. சி.டி. கணக்குல நொடிக்கு 44,100 தரம் அளந்து வெச்ச நெச சத்தம். சுருதி அரைக் கட்டை ஏத்தினாத் தாங்கும், மேல இழுத்தா இழை விட்டுப்போகும். மிடின்னா பூட்டறதுக்கு முந்தி அட்டையில என்ன வேணா மாத்திக்கலாம். மேடை ஏறுமுந்தி கையில இருக்கறது அட்டையா, சேலையான்னு பாத்துக்க.

போன ஆடியில மாரியம்மன் நோம்பிக்கு ஒரு பையன் ட்ராக்கு போட்டுப் பாடினான். நாலாவது நிமிசம் கெழவி ஒருத்திக்கு அருள் வந்துருச்சு. ட்ராக்கு அதுபாட்டுக்கு பொட்டுனு நின்னுருச்சு. ஆத்தா ஒத்தைக் கண்ணைத் தொறந்து பையனைப் பாத்தா பாரு, மைக்கு கீழ வுழுந்துருச்சு. பம்பைக்காரரு பீடியை அணைச்சுப்போட்டு எந்திரிச்சாரு. ஆத்தா மலையேற முக்கா மணி நேரம், கை ஓயல அவருக்கு.

இந்த வருசமும் அவருக்குத்தான் அட்வான்ஸ் குடுத்திருக்கேன். நீயும் கீபோர்டைத் தூக்கிட்டு வா, அவரு பக்கத்துல நின்னு வாசி. அந்தப் பென்டிரைவை மட்டும் இப்பவே எங்கிட்டக் குடு கண்ணு, அஞ்சறைப் பொட்டியில பத்திரமா இருக்கட்டும்.